அண்டை வீட்டாரும் சாட்சிகளும்: ஆப்கானிஸ்தான் தரும் படிப்பினை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

பள்ளிவாசல் பராமரிப்பு, மக்தப் மதரஸா, பைத்துல்மால், மையவாடிச் சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூட்டப்படும் கூட்டம் இது. இதில் ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் மாதத்தில் தாலிபான் இயக்கம் மீண்டும் காபூலைக் கைப்பற்றியபோது, கடைத்தெருவிலும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நம் சமுதாயத்தவரை நோக்கி ஒரே கேள்வி எழுந்தது. "இதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. எங்கோ நடக்கும் ஆட்சிக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று சிலர் கோபப்பட்டனர். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆட்சி நமது மார்க்கத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதையாவது நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டு அளவுகோல்களை நாம் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, அண்டை வீட்டார். மற்றொன்று, சாட்சி. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது மக்தபில் ஓதும் நம் சிறுவர்களுக்கும் தெரியும். சாட்சியம் நமக்கே பாதகமாக அமையினும் அதிலிருந்து பிறழலாகாது என்பது திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் 135ஆம் வசனத்தின் கட்டளை. ஓர் அரசுக்கு அண்டை வீட்டார் யார்? எல்லையை ஒட்டிய நாடுகள். ஓர் அரசுக்குச் சாட்சி யார்? அது செய்வதைக் கண்டு உலகுக்குச் சொல்லும் பத்திரிகையாளர்கள். இவ்விரு சாராரும் தாலிபான் ஆட்சியின்கீழ் எந்நிலை அடைந்தனர் என்பதே இன்றைய உரையின் பொருள்.

முன்கதைச் சுருக்கம்

தாலிபான் என்னும் சொல்லுக்கு மாணவர்கள் என்று பொருள். 1994இல் கந்தஹாரில் தோன்றிய இவ்வியக்கம் 1996இல் காபூலைப் பிடித்து 2001 வரை ஆண்டது. பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே அந்த ஆட்சியை அங்கீகரித்திருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் தொடர்ந்து அமெரிக்கா படையெடுத்தது. இருபது ஆண்டுகள் நீடித்த அந்தப் போரில் பல்லாயிரக்கணக்கான ஆப்கான் பொதுமக்கள் மாண்டனர். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2021 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் அஷ்ரஃப் கனி நாட்டைவிட்டு வெளியேற, தாலிபான் படையினர் காபூலுக்குள் நுழைந்தனர். ஆகஸ்ட் 30 அன்று கடைசி அமெரிக்க விமானம் புறப்பட்டது.

முதல் ஆட்சிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1998 ஆகஸ்ட் 8 அன்று தாலிபான் படையினர் வடக்கே உள்ள மஸாரே ஷரீஃப் நகரைப் பிடித்தபோது, அங்கிருந்த ஈரானியத் துணைத் தூதரகத்தில் அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களோடு ஈரானின் செய்தி நிறுவனமாகிய இர்னாவின் நிருபர் மஹ்மூத் ஸாரிமியும் கொல்லப்பட்டார். தங்கள் உத்தரவின்றி நடந்த செயல் என்று தாலிபான் தரப்பு கூறியது. ஈரான் தன் எல்லையில் பெரும்படையைக் குவித்தது. போர் மூளும் நிலை வந்து, பின்னர் தணிந்தது. இன்றும் ஈரானில் பத்திரிகையாளர் தினம் ஸாரிமி கொல்லப்பட்ட அந்நாளில்தான் அனுசரிக்கப்படுகிறது. அண்டை வீட்டாருக்கு இழைத்த தீங்கும் சாட்சிக்கு இழைத்த தீங்கும் ஒரே கட்டடத்தில், ஒரே நாளில் நிகழ்ந்தன.

எல்லைக்கு அப்பால் பரவிய நெருப்பு

2021இல் தாலிபானின் வெற்றியை மிகவும் வரவேற்ற அண்டை நாடு பாகிஸ்தான். ஆப்கானியர் அடிமைத் தளைகளை அறுத்துவிட்டனர் என்ற கருத்துப்பட அன்றைய பிரதமர் இம்ரான் கான் பேசினார். அந்நாட்டு உளவுத்துறைத் தலைவர் செப்டம்பர் முதல் வாரத்திலேயே காபூலுக்குச் சென்றார். இனித் தம் மேற்கு எல்லை அமைதியாக இருக்கும் என்று அவர்கள் நம்பினர்.

நடந்தது வேறு. தெஹ்ரீக்கே தாலிபான் பாகிஸ்தான் என்னும் அமைப்பு 2007இல் தோன்றியது. 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் இராணுவப் பள்ளியில் நுழைந்து 130க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றவர்கள் இவர்களே. இவர்களுக்குக் காபூலில் ஏற்பட்ட மாற்றம் புதிய துணிவைத் தந்தது. 2022 நவம்பரில் பாகிஸ்தான் அரசோடு இருந்த போர்நிறுத்தத்தை முறித்துக்கொண்டனர். 2023 ஜனவரி 30 அன்று பெஷாவர் காவலர் குடியிருப்புப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகை வேளையில் குண்டு வெடித்தது. ஸஃப்பில் நின்றவர்கள்மீது கூரை சரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் காவலர்கள். அந்த அமைப்பின் ஒரு பிரிவினர் பொறுப்பேற்க, தலைமையோ மறுத்தது. தொழுகையில் நின்றவரைக் கொல்வதற்கு எந்த மார்க்கத்தில் இடமுண்டு என்பதை இப்பள்ளிவாசலில் அமர்ந்திருக்கும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

பாகிஸ்தான் தாலிபானுக்குப் புகலிடம் தரவில்லை, அது பாகிஸ்தானின் உள்விவகாரம் என்பது காபூல் அரசின் நிலைப்பாடு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய போராளிகள் ஆப்கான் மண்ணில் இருப்பதாக ஐ.நா. கண்காணிப்புக் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அல்காயிதா தலைவர் அய்மன் அல் ஸவாஹிரி 2022 ஜூலை 31 அன்று காபூல் நகரின் நடுவே ஒரு வீட்டில் அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்டதையும் உலகம் கண்டது. பிற நாடுகளுக்கு எதிராகத் தம் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று தோஹாவில் தரப்பட்ட வாக்குறுதியை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பாகிஸ்தான் 2022 ஏப்ரலிலும், 2024 மார்ச்சிலும், அதே ஆண்டு டிசம்பரிலும் ஆப்கான் எல்லைக்குள் விமானத் தாக்குதல் நடத்தியது. பெண்களும் குழந்தைகளும் மாண்டதாக ஆப்கான் தரப்பு கூறியது. 2025 அக்டோபரில் இருநாட்டுப் படைகளும் எல்லை நெடுகிலும் நேரடியாக மோதின. கத்தார், துருக்கி ஆகிய நாடுகளின் முயற்சியால் அக்டோபர் 19 அன்று தோஹாவில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. தோர்கம், சமன் ஆகிய எல்லை வாயில்கள் அடைக்கப்பட்டதால் லாரிகளில் மாதுளையும் திராட்சையும் அழுகின. பாகிஸ்தான் சந்தைகளில் தக்காளி விலை பன்மடங்கு உயர்ந்தது. 1893இல் ஆங்கிலேயர் வரைந்த டியூராண்ட் கோட்டின் இருபுறமும் ஒரே மொழி பேசும், ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் மக்கள் இந்நிலைக்கு ஆளாயினர்.

இந்தப் பகையின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் அகதிகள். சோவியத் படையெடுப்புக் காலந்தொட்டு நாற்பது ஆண்டுகளாகப் பல லட்சம் ஆப்கானியருக்கு இடமளித்த நாடு பாகிஸ்தான். அந்த நற்செயலை நாம் மறத்தலாகாது. ஆனால் 2023 அக்டோபரில், உரிய ஆவணமில்லாத வெளிநாட்டினர் அனைவரும் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று அந்நாட்டு அரசு ஆணையிட்டது. 2025இல் ஈரானும் பெரும் எண்ணிக்கையில் ஆப்கானியரை வெளியேற்றியது. அந்த ஓராண்டில் மட்டும் இவ்விரு நாடுகளிலிருந்தும் திரும்பியோர் 20 லட்சத்துக்கும் அதிகம். பெஷாவரிலோ மஷ்ஹதிலோ பிறந்து, ஆப்கானிஸ்தானைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் அவர்களில் பலர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமிகள், ஆறாம் வகுப்புக்குமேல் பெண்களுக்குக் கல்வியில்லாத நாட்டிற்குள் அனுப்பப்பட்டனர்.

ஈரானோடு உள்ள மற்றொரு வழக்கு தண்ணீர் வழக்கு. ஹெல்மந்த் ஆறு ஆப்கான் மலைகளில் பிறந்து ஈரானின் சீஸ்தான் பகுதியிலுள்ள ஹாமூன் ஏரிகளில் சேர்கிறது. 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஈரானுக்கு ஆண்டொன்றுக்கு 82 கோடி கன மீட்டர் நீர் வரவேண்டும். வறட்சியால் நீரில்லை என்று காபூலும், அணைகளில் தடுக்கிறீர்கள் என்று தெஹ்ரானும் கூறின. 2023 மே 27 அன்று எல்லையில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து இருதரப்பிலும் உயிரிழப்பு ஏற்பட்டது. இவ்வழக்கு தாலிபானுக்கு முன்பே தொடங்கியது என்பதையும் சொல்லுதல் நேர்மை. காவிரி நீருக்காக நாம் பட்டபாட்டை அறிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். வடக்கே அமூதர்யா நதியிலிருந்து 285 கிலோமீட்டர் நீளத்திற்குக் கோஷ் தெப்பே கால்வாயைத் தாலிபான் அரசு 2022 முதல் வெட்டிவருகிறது. ஆப்கான் உழவருக்கு அது வாழ்வு. ஆனால் உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் நாட்டுப் பருத்தி வயல்களுக்கு வரும் நீர் அதனால் குறையும் என்ற அச்சம் உண்டு.

தஜிகிஸ்தானுக்கு 2021 ஜூலையில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்கான் படைவீரர்கள் தப்பி ஓடினர். அனைத்து இனத்தவரும் பங்குபெறும் ஆட்சி வேண்டும் என்று அந்நாடு வற்புறுத்திவந்தது. சீனாவோ 2024 ஜனவரியில் தாலிபானின் தூதரை ஏற்றுக்கொண்டது. ரஷ்யா 2025 ஜூலை 3 அன்று இந்த ஆட்சியை முறைப்படி அங்கீகரித்த முதல் நாடாயிற்று. அண்டை நாடுகள் தத்தம் தேவைக்கேற்ப நடந்துகொண்டன என்பதே இதன் பொருள். ஆப்கான் மக்களின் உரிமை அந்தப் பேரங்களில் பெரிதாகப் பேசப்படவில்லை.

நீதியோடு பேச வேண்டுமாயின் நற்செய்தியையும் சொல்லுதல் கடமை. 2022 ஏப்ரலில் கசகசாச் செடிப் பயிருக்கு இந்த அரசு தடை விதித்தது. 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி 2023இல் 10,800 ஹெக்டேராகக் குறைந்ததாக ஐ.நா. அலுவலகமே கணக்கிட்டது. அபின், ஹெராயின் பழக்கத்தால் சீரழிந்த ஈரான், பாகிஸ்தான் குடும்பங்களுக்கு இது பெரும் நன்மை. ஊர்ப்புறச் சாலைகளில் போர் நின்றது என்பதும் உண்மை. அமெரிக்கா அந்நாட்டு மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் இருப்பை முடக்கியதால் பட்டினி பெருகியது என்பதும் உண்மை. இவற்றை எல்லாம் நாம் எவ்வாறு அறிந்தோம்? யாரோ ஒருவர் அங்கே சென்று, பார்த்து, எழுதியதனால் அறிந்தோம். அந்த ஒருவரைப் பற்றி இனிப் பார்ப்போம்.

சாட்சிகளின் நிலை

ஆப்கானிஸ்தானில் பத்திரிகையாளர் எந்தக் காலத்திலும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 2001 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் காபூலிலிருந்த அல்ஜஸீரா அலுவலகத்தைக் குண்டுவீசி அழித்தன. அதே தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளரும் சூடான் நாட்டவருமான ஸாமி அல்ஹாஜ், 2001 டிசம்பரில் பாகிஸ்தான் எல்லையில் பிடிக்கப்பட்டார். குவாண்டனாமோ சிறையில் விசாரணையின்றி 2008 வரை அடைக்கப்பட்டிருந்தார். 2016 ஜனவரியில் டோலோ தொலைக்காட்சி ஊழியர்கள் சென்ற பேருந்தைத் தாலிபான் தற்கொலைப்படை தாக்கியதில் ஏழு பேர் மாண்டனர். 2018 ஏப்ரல் 30 அன்று ஐ.எஸ். அமைப்பு, முதல் குண்டைப் படமெடுக்க ஓடிவந்த செய்தியாளர்களிடையே இரண்டாவது குண்டை வெடிக்கச் செய்தது. காபூலில் அன்று மட்டும் ஒன்பது செய்தியாளர்கள் கொல்லப்பட்டனர். வல்லரசும், வல்லரசை எதிர்த்தவர்களும் சாட்சியைப் பகைவனாகக் கருதுவதில் ஒன்றுபட்டிருந்தனர்.

நம் நாட்டவராகிய தானிஷ் சித்தீகீயை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் இதழியல் பயின்றவர். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர். ரோஹிங்யா அகதிகளின் துயரைப் படமெடுத்ததற்காக 2018இல் அந்நிறுவனத்தின் குழுவினரோடு புலிட்சர் விருதைப் பெற்றவர். கொரோனாக் காலத்தில் டெல்லியில் எரிந்த சிதைகளின் படங்கள் வாயிலாக உலகையே நம் நாட்டின் துயரைக் காணச் செய்தவர். 2021 ஜூலை 16 அன்று பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஸ்பின் போல்டக் என்னுமிடத்தில், தாலிபானுக்கும் ஆப்கான் படையினருக்கும் நடந்த மோதலைப் படமெடுக்கச் சென்றபோது கொல்லப்பட்டார். அவரது ஜனாஸா ஜாமிஆ மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. காபூல் வீழ்வதற்கு ஒரு மாதம் முன்பு நிகழ்ந்தது இது.

ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 17 அன்று, தாலிபான் பேச்சாளர் ஸபீஹுல்லாஹ் முஜாஹித் முதன்முறையாகப் பத்திரிகையாளர்முன் தோன்றினார். இஸ்லாமிய வரம்புக்குள் ஊடகங்கள் சுதந்திரமாக இயங்கலாம் என்றார். அதே நாளில் டோலோ தொலைக்காட்சியில் பெஹிஷ்தா அர்கந்த் என்னும் இளம்பெண், தாலிபான் பிரதிநிதி ஒருவரை நேருக்கு நேர் பேட்டி கண்டார். உலகம் வியந்தது. சில நாட்களில் அப்பெண் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

செப்டம்பர் மாதம் பெண்கள் நடத்திய ஊர்வலத்தைச் செய்தியாக்கச் சென்ற எத்திலாஅத்தே ரோஸ் நாளிதழின் இரு நிருபர்கள் காபூலில் காவலில் வைத்து அடிக்கப்பட்டனர். அவர்களின் முதுகிலும் தொடைகளிலும் கன்றிச் சிவந்த தழும்புகளின் படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதே மாதத்தில் ஊடகங்களுக்குப் பதினொரு விதிகள் அறிவிக்கப்பட்டன. இஸ்லாத்துக்கு முரணானதை வெளியிடலாகாது, தேசத் தலைவர்களை அவமதிக்கலாகாது என்றெல்லாம் அவை கூறின. எது முரண், எது அவமதிப்பு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ஆட்சியாளரிடமே இருந்தது.

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2021 இறுதியில் எடுத்த கணக்கின்படி, முன்பு இருந்த 543 ஊடக நிறுவனங்களில் 231 மூடப்பட்டுவிட்டன. 6,400க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் வேலையிழந்தனர். பெண் பத்திரிகையாளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் வேலையிழந்தனர். பணமுடையும் இதற்கு ஒரு காரணம். வெளிநாட்டு உதவி நின்றது, விளம்பரம் நின்றது. ஆயினும் அச்சமும் காரணமாக இருந்தது.

2022 மார்ச்சில் பி.பி.சி.யின் பாரசீக, பஷ்தூ, உஸ்பெக் மொழித் தொலைக்காட்சிச் செய்திகள் உள்நாட்டு அலைவரிசைகளிலிருந்து நீக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதம், தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் முகத்தை மூட வேண்டும் என்ற ஆணை வந்தது. அவர்களோடு பணிபுரிந்த ஆண்கள் தாங்களும் முகக்கவசம் அணிந்து திரையில் தோன்றித் தம் வருத்தத்தைப் புலப்படுத்தினர். 2023 மார்ச் 11 அன்று மஸாரே ஷரீஃபில் பத்திரிகையாளர்களைக் கௌரவிக்க நடந்த விழாவிலேயே ஐ.எஸ். அமைப்பு குண்டு வைத்தது. ஆட்சியாளர் ஒருபுறமும் ஆட்சியாளரின் பகைவர் மறுபுறமும் நெருக்க, எழுதுகோல் பிடித்தவர் நடுவில் அகப்பட்டனர்.

2024 ஆகஸ்டில் வெளியான நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உயிருள்ளவற்றின் உருவத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. அதன்படி மாகாணம் மாகாணமாகத் தொலைக்காட்சிகள் படமின்றிக் குரல் மட்டும் ஒலிபரப்பும் நிலை ஏற்பட்டது. உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நாம் அறிவோம். ஆனால் தாலிபான் அமைச்சர்களே வெளிநாடுகளில் படக்கருவிகளுக்கு முன் தோன்றுகிறார்கள் என்பதையும் காண்கிறோம். 2021 ஆகஸ்ட் 15 முதல் 2024 செப்டம்பர் இறுதிவரை 336 பத்திரிகையாளர்களும் ஊடகப் பணியாளர்களும் உரிமை மீறலுக்கு ஆளானதை ஐ.நா. பதிவு செய்துள்ளது. காரணமற்ற கைதுகள் 256. சித்திரவதையும் கொடிய நடத்தையும் 130. 2025 செப்டம்பர் 29 முதல் சுமார் இரண்டு நாட்கள் நாடு முழுவதும் இணையமும் தொலைபேசியும் நின்றுபோயின. வெளிநாட்டில் உழைக்கும் மகன், தன் தாய் உயிரோடிருக்கிறாளா என்பதைக்கூடக் கேட்டறிய இயலாதவனானான்.

இரண்டும் ஒன்றே

அண்டை நாடும் பத்திரிகையாளரும் வெவ்வேறு விஷயங்கள் அல்லவா என்று கேட்கலாம். அவை இணையும் இடங்களைச் சுட்டிக்காட்டுவோம்.

உயிருக்கு அஞ்சிய ஆப்கான் பத்திரிகையாளர்களில் நூற்றுக்கணக்கானோர் பாகிஸ்தானில் தஞ்சம் புகுந்து, மேலை நாடுகளின் விசாவுக்காகக் காத்திருந்தனர். 2023இல் வெளியேற்ற ஆணை வந்தபோது அவர்களும் அதில் அகப்பட்டனர். அடித்தவர்களிடமே திருப்பி அனுப்பப்படுவோமோ என்று அஞ்சி, வாடகை வீடுகளில் ஒளிந்து வாழ்ந்தனர்.

2025 அக்டோபர் எல்லைப் போரை எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தான் வீரர் 58 பேரைக் கொன்றோம் என்று காபூல் அறிவித்தது. தம் தரப்பில் இறந்தோர் 23 பேர், எதிர்த்தரப்பில் இருநூறுக்கும் மேல் என்று பாகிஸ்தான் அறிவித்தது. காபூலோ தம் இழப்பு ஒன்பது பேர் என்றது. எது உண்மை? களத்திற்குச் சென்று மையவாடியில் புதுக் கபுருகளை எண்ணிப் பார்க்கும் சுதந்திரம் எந்தப் பத்திரிகையாளருக்கும் இல்லை. ஆகவே அந்தந்த நாட்டு மக்கள் அந்தந்த அரசு சொன்னதை நம்பி, மற்றவர்மீது மேலும் வெறுப்புக் கொண்டனர். சாட்சி இல்லாத இடத்தில் வதந்தியே நீதிபதியாகிறது. அந்தத் தீர்ப்பில் முதலில் இறப்பவர் எல்லையோர ஏழைகள்.

இந்தக் கேள்வி நம் தலைநகருக்கே வந்தது. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகீ டெல்லிக்கு வந்தார். தேவ்பந்த் தாருல் உலூமுக்கும் சென்றார். அக்டோபர் 10 அன்று ஆப்கான் தூதரகத்தில் அவர் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு பெண் நிருபர்கூட அனுமதிக்கப்படவில்லை. கடும் கண்டனம் எழுந்தது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 12 அன்று மற்றொரு சந்திப்பு நடந்தது. முன்வரிசையில் பெண்கள் அமர்ந்திருந்தனர். தம் நாட்டுப் பெண்களின் கல்வி பற்றி அவர்கள் கேட்டபோது அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. கேள்வி கேட்க உரிமையுள்ள ஒரு நாட்டில், இரண்டே நாளில் கதவு திறந்தது. ஆட்சியாளரோடு இந்தியா உறவு கொள்வதா வேண்டாமா என்பது அரசின் முடிவு. காந்தஹார் விமானக் கடத்தலைக் கண்ட நாடு இது. ஹெராத்தில் அணை கட்டித் தந்த நாடும் இதுவே. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால் நமக்கு நன்மையே விளைந்தது.

நாம் கொள்ள வேண்டிய நிலை

அன்பர்களே! நம் முன்னோர் செய்தியைச் சரிபார்ப்பதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள். ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். அந்த அறிவிப்பாளர் வரிசையில் பெண்களும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனத்தின் ஆணை. விசாரிக்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் விசாரிப்பவரைச் சிறையிலிடுவது எவ்வகையில் பொருந்தும்? பெண்கள் பல்கலைக்கழகம் செல்ல 2022 டிசம்பரில் தடை விதிக்கப்பட்டபோது, அது ஷரீஅத்துக்கு முரணானது என்று எகிப்தின் அல்அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அத்தைய்யிப் அவர்களே அறிவித்தார்கள். ஆகவே இதைச் சொல்வதற்கு நாம் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆதலால் யாரேனும் நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், மறைக்கவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். படையெடுத்தவர் செய்த கொடுமையையும் சொல்வோம், ஆட்சி செய்பவர் இழைக்கும் கொடுமையையும் சொல்வோம். கசகசாத் தடையால் விளைந்த நன்மையைச் சொல்வோம், மூடப்பட்ட பெண்கள் பள்ளியையும் சொல்வோம். அதோடு, நம் கைப்பேசிக்கு வரும் செய்தியை விசாரியாமல் மற்றவர்க்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுவோம். வெறுப்பைத் தூண்டும் படம் ஒன்றை அனுப்புகிறவர், அது எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் பாதிப் பாவம் குறையும்.

நம் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படிக்கிறார்கள், மகிழ்ச்சி. இதழியல் படிக்க விரும்பும் பிள்ளையை, அது ஆணாயினும் பெண்ணாயினும், சோறு போடாத தொழில் என்று தடுத்துவிடாதீர்கள். நம்மைப் பற்றி மற்றவர்கள் தவறாக எழுதுகிறார்கள் என்று குறைப்படும் சமுதாயம், எழுதத் தெரிந்தவர்களை வளர்த்தல் வேண்டும். ஜமாஅத்தின் கல்வி உதவித் திட்டத்தில் இதற்கும் இடமிருத்தல் வேண்டும் என்பது இச்சபைமுன் நாம் வைக்கும் வேண்டுகோள்.

இன்னும் சற்று நேரத்தில் இந்த ஆண்டின் வரவுசெலவுக் கணக்கு இச்சபையில் படிக்கப்படும். எழுந்து கேள்வி கேட்க ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு. நிர்வாகிகள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதாத இந்த நல்வழக்கத்தை நாம் பேணிக் காத்தல் வேண்டும். பெரிய நாடானாலும் சிறிய மஹல்லாவானாலும் அமானத் ஒன்றே.

ஆப்கான் மக்களுக்கு அமைதியும் உணவும் கிடைக்கவும், அங்கே பூட்டிக் கிடக்கும் பெண்கள் பள்ளிகள் திறக்கவும், எல்லையின் இருபுறமும் சிந்தும் இரத்தம் நிற்கவும், உண்மையைச் சொன்னதற்காகச் சிறையில் வாடுவோர் தம் இல்லம் திரும்பவும் வல்ல இறைவனிடம் நாம் அனைவரும் துஆச் செய்வோமாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.